சிரிஞ்ச் பம்ப் ஸ்கிரீனை மாடல் செக்கர்ல ஓட்டிப் பாக்குறது எப்படி: புதுசா இறங்குறவங்களுக்கு

மெடிக்கல் டிவைஸ் கம்பெனியில சாஃப்ட்வேர் பக்கம் சேர்ந்து, ஒரு நாள் திடீர்னு "நம்ம யூஸர் இன்டர்ஃபேஸுக்கு ஃபார்மல் வெரிஃபிகேஷன் பண்ணி ரிப்போர்ட் குடுங்க"ன்னு மேலருந்து சொல்லிட்டாங்களா? நெட்ல தேடினா எல்லாம் பிஎச்டி தீசிஸா வந்து விழுதா? உங்களுக்குத்தான் இது. நானும் அதே வழியாத்தான் இதுக்குள்ள வந்தேன், எடுத்துச் சொல்ல ஆளு கிடையாது, டூல் மேனுவல் எல்லாம் சிப் டிசைன் பண்றவங்களுக்கும் சர்வர் எழுதுறவங்களுக்கும் எழுதினது, பட்டன் அழுத்துற மனுஷனைப் பத்தி அதுல ஒரு வரி இருக்காது. அதனால வரிசையா சொல்றேன். உதாரணத்துக்கு சிரிஞ்ச் பம்ப்ல, அதாவது சிரிஞ்ச்ல இருக்கிற மருந்தை சொன்ன வேகத்துல நோயாளிக்கு ஏத்துற கருவியில, மருந்து ரேட் (மணிக்கு எத்தனை மில்லி) போடுற ஸ்கிரீனை எடுத்துக்கறேன். கார் டேஷ்போர்டோ, லிஃப்ட் பேனலோ, பேங்க் ஆப்போ, உங்களுது எதுவா இருந்தாலும் படிகள் இதேதான்.

ஃபார்மல் வெரிஃபிகேஷன்னா டிசைனை கணக்கு மாதிரி எழுதி வச்சு சரிபாக்குறது. மாடல் செக்கர்ங்கிறது அதுக்கான டூல்: கருவி இருக்கக்கூடிய நிலைகளையும் (ஸ்டேட்) ஒண்ணுலருந்து ஒண்ணுக்கு எப்படி மாறும்னும் நீங்க மாடலா எழுதிக் குடுத்தா, எல்லா வழியிலயும் போய்ப் பாத்து, நீங்க வச்ச விதி (ப்ராப்பர்ட்டி) எங்கயாவது உடையுதான்னு சொல்லும். ஒண்ணு மட்டும் முதல்லயே. முழு சாஃப்ட்வேரையும் நிரூபிக்கப் போறதில்ல. விரல் பட்டன்ல படுறதுக்கும் ஸ்கிரீன் மாறுறதுக்கும் நடுவுல இருக்கிற மெல்லிசான லேயர் இருக்கு பாருங்க, அதை மட்டும்தான் எடுக்கப் போறோம்.

1. எந்த ஸ்கிரீன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

எல்லா ஸ்கிரீனையும் எடுத்தா முடிக்கவே மாட்டீங்க. ரிஸ்க் ஃபைலை திறந்து, யூஸர் தப்பு பண்ணா நோயாளிக்கு நேரடியா அடி விழுற ஸ்கிரீன் எதுன்னு பாருங்க. பம்ப்ல அது ரேட் போடுறது, அலாரத்தை அமுக்குறது, சிரிஞ்ச் மாத்துறது இந்த மூணுதான். செட்டிங்ஸ்ல மொழி மாத்துற ஸ்கிரீனை மாடல் பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க.

இதுக்கு நேரம் ஒதுக்கித்தர மேனேஜர் யோசிச்சா ஒரு கணக்கு சொல்லுங்க. மருந்தையும் மெடிக்கல் கருவியையும் கண்காணிக்கிற அமெரிக்க எஃப்டிஏவுக்கு 2005லருந்து 2009 வரைக்கும் இன்ஃப்யூஷன் பம்ப் (மருந்து ஏத்துற பம்ப்களுக்கு பொதுப்பேர், சிரிஞ்ச் பம்ப்பும் அதுல ஒண்ணு) சம்பந்தமா சுமார் 56,000 பாதிப்பு ரிப்போர்ட் வந்துச்சு, அதே காலத்துல 87 ரீகால். காரணங்கள்னு அவங்க சொன்னதுல சாஃப்ட்வேர் கோளாறோட சேர்த்து யூஸர் இன்டர்ஃபேஸ் பிரச்சனையும் தனியா இருக்கு. இதைச் சொன்னா பெரும்பாலும் நேரம் கிடைச்சிரும்.

2. கையில இருக்க வேண்டிய பேப்பர்

டூல் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி இதெல்லாம் சேகரிச்சு வைங்க, பாதியில தேடினா வேலை நின்னுரும்.

ரிஸ்க் மேனேஜ்மென்ட் ஃபைல், அதாவது ஐஎஸ்ஓ 14971 படி போட்டது. யூஸபிலிட்டி ஃபைல், ஐஈசி 62366-1 படி போட்டது, அதுல யார் யூஸ் பண்றாங்க, எந்தச் சூழல்ல, எந்தத் தப்பு நடக்கலாம்னு இருக்கும், பின்னாடி யூஸரை மாடல் பண்றப்ப உங்களுக்கு இதான் உயிர். சாஃப்ட்வேர் ரிக்வயர்மென்ட், ஐஈசி 62304 படி, சாஃப்ட்வேர் தப்பா போனா எவ்ளோ பாதிப்புங்கிறதை வச்சு கிளாஸ் ஏ, பி, சி எதுன்னு போட்டது. அப்புறம் கடைசியா அப்ரூவ் ஆன ஸ்கிரீன் ஃப்ளோ. டிசைனர் லேப்டாப்ல ஒரு வெர்ஷன், டாக்குமென்ட் கன்ட்ரோல்ல ஒரு வெர்ஷன், கோட்ல மூணாவதா ஒரு வெர்ஷன், இது எல்லா கம்பெனியிலயும் இருக்கிற கூத்துதான், எந்த வெர்ஷனை மாடல் பண்றீங்கன்னு நம்பரோட எழுதி வாங்கிட்டு ஆரம்பிங்க.

இந்த ஸ்டாண்டர்டை எல்லாம் சொந்தக் காசுல வாங்காதீங்க, விலை ஜாஸ்தி. ரெகுலேட்டரி டீம்கிட்ட கண்டிப்பா காப்பி இருக்கும். இந்தியாவுல 2017 மெடிக்கல் டிவைஸ் ரூல்ஸ் படி ஆபத்து அதிகமான சி, டி கிளாஸ் கருவிக்கு (இது சாஃப்ட்வேர் கிளாஸ் இல்ல, வேற) எம்டி-7 விண்ணப்பம் போட்டு எம்டி-9 லைசன்ஸ் வாங்குற வேலையை பாக்குறதும் அவங்கதான், பம்ப் சி கிளாஸ். அவங்களோட டெக்னிக்கல் ஃபைல்ல உங்க ரிப்போர்ட் எங்க போய் உக்காரும்னு இப்பவே கேட்டு வச்சுக்கங்க. கடைசி நேரத்துல "டெம்ப்ளேட் வேற"ன்னு திருப்பி அனுப்பினா மொத்தத்தையும் திரும்ப எழுதணும்.

3. டூல், லைசன்ஸ், செலவு

டூலுக்கு செலவே இல்லாம முடிச்சிரலாம். ஆனா லைசன்ஸைப் படிங்க, இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க.

நியூ எஸ்எம்வி: இலவசம், ஓப்பன் சோர்ஸ், கம்பெனி வேலைக்கும் யூஸ் பண்ணலாம். அதோட அடுத்த தலைமுறையா நியூ எக்ஸ்எம்வின்னு ஒண்ணு இருக்கு, பேரு ஒரே மாதிரி இருக்குன்னு அதை டவுன்லோட் பண்ணிராதீங்க, அது வணிக நோக்கம் இல்லாத வேலைக்கு மட்டும்தான் ஃப்ரீ. உப்பால், உப்சாலா, ஆல்போர்க் ரெண்டு யுனிவர்சிட்டியும் சேர்ந்து பண்ணது, நேரக்கணக்கு வச்சு மாடல் பண்ண அருமையான டூல், காலேஜுக்கு ஃப்ரீ, கம்பெனின்னா காசு குடுக்கணும். டிஎல்ஏ ப்ளஸ், கம்ப்யூட்டர் விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட்டோடது, ஃப்ரீ, ஜாவா இருந்தா போதும், விஎஸ் கோட்லயே எக்ஸ்டென்ஷன் இருக்கு. அல்லாயும் ஃப்ரீ, ஆறாவது வெர்ஷன்ல இருந்து காலப்போக்கில மாறுற விஷயத்தையும் எழுதலாம்.

எதை எடுக்கிறதுன்னு கேட்டா ஒரே ஒரு கேள்வியை வச்சு முடிவு பண்ணுங்க. "எந்த இடத்துல சிக்கியிருந்தாலும் ஹோமுக்கு திரும்பிப் போக ஒரு வழி இருக்கா?" யூஸர் இன்டர்ஃபேஸ்ல இதுதான் அடிக்கடி கேக்குற கேள்வி. ப்ராப்பர்ட்டி எழுத சிடிஎல்னு ஒரு லாஜிக் இருக்கு, நியூ எஸ்எம்விக்கு அது தெரியும், அதுல இதை ஒரே வரியில கேட்டுரலாம், முன்னாடி ஏஜி (எங்க போனாலும், எப்பவும்), அடுத்து ஈஎஃப் (போய்ச் சேர ஒரு வழியாவது இருக்கு), அடுத்து ஹோம், அவ்ளோதான். எல்டிஎல்னு இன்னொரு லாஜிக், ஒவ்வொரு ஓட்டத்தையும் தனித்தனியா பாக்குறது, அதுல இதைச் சொல்லவே முடியாது, டிஎல்ஏ ப்ளஸ்ஸும் அந்தப் பக்கத்து ஆளுதான். "கண்டிப்பா ஹோமுக்கு போய்ச் சேரும்"னு சொல்லலாம், ஆனா "போக வழி இருக்கு"ன்னு சொல்ல வராது, ரெண்டும் வேற வேற. யாரோ நல்லாருக்குன்னு சொன்னாங்கன்னு டிஎல்ஏ ப்ளஸ்ல ஆரம்பிச்சு இந்த ஒரு ப்ராப்பர்ட்டியை எழுத முடியாம தலையைப் பிச்சுக்கிட்டவங்களைப் பாத்திருக்கேன். வழி இல்லாமலும் இல்ல, டிஎல்ஏ ப்ளஸ்ஸோட மாடல் செக்கர் டிஎல்சி, அதை ஸ்டேட் கிராஃபை ஃபைல்ல கொட்டச் சொல்லிட்டு பைத்தான்ல பின்னாடி இருந்து தேடிக்கலாம். ஆனா முதல் தடவைன்னா நியூ எஸ்எம்வியே போதும்.

8 ஜிபி ரேம் இருக்கிற ஆபீஸ் லேப்டாப் தாராளம். சர்வர் கேட்டு ஐடி டீமுக்கு டிக்கெட் போடாதீங்க, அது வர்றதுக்குள்ள நீங்க மாடலை சின்னதாக்கி முடிச்சிருப்பீங்க.

4. முதல்ல கருவியை மட்டும் எழுதுங்க

நேரா டூல்ல உக்காராதீங்க. எக்செல்ல ஒரு டேபிள் போடுங்க. இடது பக்கம் எல்லா மோடும்: ஹோம், எடிட், கன்ஃபர்ம், ஓடிட்டிருக்கு, அலாரம். மேல எல்லா பட்டனும்: எடிட், நம்பர், புள்ளி, கிளியர், ஓகே, ஸ்டார்ட், ஸ்டாப். பட்டன் இல்லாம தானா நடக்குறதையும் சேருங்க, டைம்அவுட், சிரிஞ்ச் தீர்ந்துபோறது, பேட்டரி குறையறது. ஒவ்வொரு கட்டத்துலயும் "இந்த மோட்ல இதை அழுத்தினா என்ன ஆகும்"னு நிரப்புங்க.

பாதி கட்டத்துக்கு பதில் ரிக்வயர்மென்ட்லயே இருக்காது. அலாரம் அடிச்சுட்டு இருக்கிறப்ப நம்பர் அழுத்தினா என்ன? கன்ஃபர்ம்ல இருக்கிறப்ப சிரிஞ்ச் தீர்ந்தா என்ன? "ஒண்ணும் ஆகாது"ன்னு நீங்களா நிரப்பாதீங்க. டிசைனர்கிட்ட கேளுங்க, கோட் எழுதினவர்கிட்டயும் தனியா கேளுங்க, ரெண்டு பேரும் வேற வேற பதில் சொன்னா டூல் தொடறதுக்கு முன்னாடியே உங்களுக்கு முதல் பக் கிடைச்சாச்சு. உண்மையைச் சொன்னா இந்த மொத்த வேலையில பாதி பலன் இந்த டேபிள்லயே வந்துரும்.

அப்புறம் இதை நியூ எஸ்எம்வியில எழுதுறது ரொம்ப கஷ்டமில்ல, ஒவ்வொரு வேரியபிளுக்கும் அடுத்த மதிப்பு என்னன்னு கேஸ் கேஸா எழுதணும். ஒரே ஒரு எச்சரிக்கை, எங்கயாவது அடுத்த ஸ்டேட்டே இல்லாம மாடல் முட்டி நின்னா சிடிஎல் பதில் எல்லாம் நம்ப முடியாததா ஆயிரும், ஆனா டூல் அதுக்காக சண்டை போடாது, கமுக்கமா பதில் சொல்லிரும். அதனால ஒவ்வொரு தடவை மாடலை மாத்தினதும் எஃப்எஸ்எம் (மாடலோட ஸ்டேட் மெஷின்) எங்கயாவது முட்டி நிக்குதான்னு செக் பண்ற கமாண்டை ஓட்டிட்டுத்தான் மத்தது.

5. எண்ணை சின்னதாக்குறது

இங்கதான் பல பேர் வண்டி நின்னுரும். பம்ப்ல மணிக்கு 0லருந்து 999.9 மில்லி வரை 0.1 இடைவெளியில போடலாம்னா 10,000 மதிப்பு. ஸ்கிரீன்ல தெரியுற எண், உள்ள செட் ஆன ரேட், அடுத்த படியில சேக்கப்போற யூஸர் மனசுல இருக்கிற எண், மூணையும் பெருக்கினா ஒரு லட்சம் கோடி ஸ்டேட். அஞ்சு மோடால பெருக்கினா அஞ்சு லட்சம் கோடி. ராத்திரி ஓட விட்டுட்டு வீட்டுக்கு போனா காலையில மெமரி தீர்ந்துபோய் கிடக்கும்.

எண்ணை எண்ணா வைக்காதீங்க, அழுத்தின கீகளோட வரிசையா வைங்க. பத்து இலக்கமும் வேணாம், 0, 1, புள்ளி மூணே போதும், ஏன்னா 3 அழுத்தினாலும் 7 அழுத்தினாலும் ஸ்கிரீன் நடந்துக்கிற விதம் ஒண்ணுதான், 0வும் புள்ளியும்தான் தனி ரகம். அதிகபட்சம் அஞ்சு கீன்னு வச்சா, எதுவும் அழுத்தாததையும் சேர்த்து 364 வரிசை வரும். மூணு இடத்துக்கும் அஞ்சு மோடுக்கும் பெருக்கினா 24 கோடி, அதுவும் காகிதக் கணக்குதான், மூணும் சேர்ந்தே நகர்றதால நிஜமா எட்டுற ஸ்டேட் அதுல துளியூண்டு.

அஞ்சு கீ ஏன், நாலு போதாதான்னு கேப்பீங்க, நாலுன்னா 121தான், இன்னும் வேகமா ஓடும். ஆனா பாருங்க, பம்ப்களைப் பத்தின ஆராய்ச்சியில பதிவான ஒரு டிசைன் வம்பு இருக்கு: 100க்கு மேல போனா பின்னம் கிடையாதுன்னு முடிவு பண்ணி, புள்ளி கீயை சத்தமில்லாம தள்ளிவிட்டுரும். நர்ஸ் 100.1னு அழுத்துவாங்க, உள்ள போறது 1001. பத்து மடங்கு. இந்தத் தப்பு வெளிய வர அஞ்சு கீ வேணும். நாலோட நிறுத்தினா டூல் "எல்லாம் சரி"ன்னு சொல்லும், அதுவும் பொய் இல்ல, நாலு கீ வரைக்கும் எல்லாம் சரிதான். அதனால எதைச் சின்னதாக்குறீங்களோ, ஏன் அந்த அளவுன்னு ஒரு வரி காரணம் எழுதி வைங்க. ஆடிட்டர் முதல்ல கேக்கப்போறது அதைத்தான்.

6. மனுஷனையும் உள்ள போடுங்க

இது இல்லாம பண்ற வெரிஃபிகேஷன் கருவிக்கு மட்டும்தான். யூஸரை மையமா வச்சுப் பண்றோம்னு ரிப்போர்ட்ல எழுதிட்டு மாடல்ல யூஸரே இல்லைன்னா எப்படி?

ரெண்டு விதமா போடணும், ரெண்டும் வேணும்.

முதல் விதம், எதை வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் அழுத்துற யூஸர். குழந்தை கையில குடுத்த மாதிரி. கருவி முட்டி நிக்குதா, ஆபத்தான ரேட்ல கன்ஃபர்ம் இல்லாம ஓட ஆரம்பிக்குதான்னு பாக்க இவர் போதும்.

ரெண்டாவது விதம், ஒரு வேலையை முடிக்க வந்த யூஸர். இவருக்கு மனசுல ஒரு எண் இருக்கு, அடுத்து என்ன பண்ணணும்னு ஒரு வரிசை இருக்கு, ஸ்கிரீனை எப்பவும் பாக்க மாட்டார், நடுவுல கூப்பிட்டா போயிருவார், திரும்பி வந்து விட்ட இடத்துலருந்து தொடர்வார். இவருக்கு ரெண்டு மூணு வேரியபிள் போதும்: மனசுல இருக்கிற எண், அதுல எத்தனை கீ அழுத்தியாச்சுன்னு அவர் நினைக்கிறது, இப்ப கருவி முன்னாடி இருக்காரா இல்லையா. மருந்துச் சீட்டைப் பாத்துட்டே அடிக்கிறவங்க கண்ணு ஸ்கிரீன்ல இருக்காது, அதனால ஸ்கிரீனைப் பாத்து திருத்திக்குவார்னு மாடல்ல எழுதாதீங்க, அது உங்க ஆசை.

இன்னொண்ணு, வேலை முடிஞ்சதும் மிச்சப் படியை மறக்குற பழக்கம். ஏடிஎம்ல காசு முதல்ல வந்து கார்டு அப்புறம் வந்தா கார்டை விட்டுட்டுப் போயிருவாங்க, அதனாலதான் நிறைய மெஷின்ல கார்டை எடுத்தாத்தான் காசு வரும். பம்ப்ல இதுக்கு சமமானது: ரேட் போட்டு ஓகே அழுத்தினதும் மனசுல வேலை முடிஞ்சுபோச்சு, ஆனா ஸ்டார்ட் இன்னும் அழுத்தல. "எண்ணைப் போட்டாச்சுன்னா யூஸர் எந்த நேரமும் கிளம்பிப் போகலாம்"னு ஒரு மாற்றத்தை மாடல்ல சேருங்க, இது மாட்டிரும்.

7. ப்ராப்பர்ட்டி எழுதுறது

யூஸபிலிட்டி புக்ல "தெளிவா இருக்கணும், சீரா இருக்கணும்"னு இருக்கிறதை டூலுக்கு புரியுற மாதிரி மாத்தணும். நான் எப்பவும் இந்த அஞ்சுல இருந்து ஆரம்பிப்பேன்.

எங்க இருந்தாலும் ஹோமுக்கு வழி இருக்கணும். கன்ஃபர்ம் ஆகாம செட் ஆன ரேட் மாறக்கூடாது. எந்த பட்டன் அழுத்தினாலும் ஸ்கிரீன்லயோ சத்தத்துலயோ ஏதாவது ஒரு பதில் வரணும், சும்மா முழுங்கக்கூடாது. யூஸர் மனசுல இருக்கிற எண்ணும் ஓடுற ரேட்டும் ஒண்ணா இருக்கணும். அஞ்சாவது, ஒரே மாதிரி தெரியுற ஸ்கிரீன்ல ஒரே பட்டனை அழுத்தினா எப்பவும் ஒரே மாதிரி நடக்கணும்.

அஞ்சாவதை சிடிஎல்ல நேரா எழுத வராது, ரெண்டு ஸ்டேட்டை பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடணும். மாடலை ரெண்டு காப்பி போட்டு ஓட்டுறது ஒரு வழி. நான் பண்றது இன்னும் ஈஸி: எட்டக்கூடிய எல்லா ஸ்டேட்டையும் மாற்றத்தையும் டேபிளா கொட்டி, இவ்ளோ சின்ன மாடலுக்கு பைத்தான்ல நூறு வரிக்குள்ள தேடுற கோட் எழுதினாலே கிடைச்சிரும், அதை எக்செல்ல போட்டு "ஸ்கிரீன், பட்டன்" ரெண்டையும் வச்சு பிவட் போட்டு, ஒண்ணுக்கு மேல பலன் வர்ற வரியை மட்டும் ஃபில்டர் பண்றேன். வர்ற ஒவ்வொரு வரியும் யூஸருக்கு தெரியாம கருவி உள்ள ஏதோ ஒளிச்சு வச்சிருக்கிற இடம். முதல் தடவை லிஸ்ட் நீளமா வரும், பயப்படாதீங்க, பாதிக்கு மேல டைம்அவுட் கவுன்ட்டர் ஒண்ணாலதான் இருக்கும்.

இதுல ஒரு நுணுக்கம். "ஒரே மாதிரி தெரியுற"ங்கிறதை பிக்ஸல் கணக்குல எடுக்காதீங்க. 1992 ஜனவரி 20ல ஸ்ட்ராஸ்பூர்க் பக்கத்துல ஒரு ஏ320 விமானம் மலையில மோதி 87 பேர் செத்தாங்க. விசாரணையில முக்கியமா சந்தேகப்பட்டது, பைலட்கள் 3.3 டிகிரி சரிவுல இறங்கச் சொல்றதா நினைச்சு எண்ணைப் போட்டாங்க, கருவி வேற மோட்ல இருந்ததால அதை நிமிஷத்துக்கு 3,300 அடின்னு எடுத்துக்கிச்சுங்கிறது. ஒரு மோட்ல 3.3னு காட்டும், இன்னொண்ணுல 33னு காட்டும். பிக்ஸல் கணக்குல ரெண்டும் வேற ஸ்கிரீன்தான், டூலும் "பிரச்சனை இல்ல"ன்னுதான் சொல்லும். அதனால புள்ளி, சின்ன ஐகான், ஓரத்துல இருக்கிற மோட் பேரு இதையெல்லாம் நீக்கிட்டு ஒரு தடவையும், சேர்த்து ஒரு தடவையும் ஓட்டுங்க. நீக்கினப்ப மட்டும் தோத்துப்போற இடங்கள் டிசைனரோட லிஸ்டுக்குப் போகணும், அங்க யூஸர் ஒரு சின்னப் புள்ளியை நம்பித்தான் இருக்கார்.

8. பாஸ் ஆனா உடனே சந்தோஷப்படாதீங்க

எல்லா ப்ராப்பர்ட்டியும் முதல் தடவையே பாஸ் ஆச்சுன்னா நான் டீ குடிக்கப் போக மாட்டேன், மாடலைத்தான் சந்தேகப்படுவேன். "அலாரம் அடிச்சா ரேட் நிக்கணும்"னு எழுதியிருப்பீங்க, மாடல்ல ஒரு தப்பால அலாரம் மோடுக்கு போகவே வழி இருக்காது, அப்ப அந்த ப்ராப்பர்ட்டி சும்மாவே பாஸ். புதுசா வர்றவங்க அதிகமா மாட்டுற பொறி இதான். ஒவ்வொரு "இப்படி ஆனா அப்படி ஆகணும்"க்கும் ஜோடியா "இப்படி ஆக முடியுமா"ன்னு ஒரு ஈஎஃப் வரி எழுதுங்க. அது தோத்தா மேல பாஸ் ஆனதுக்கு அர்த்தமே கிடையாது.

அடுத்து, வேணும்னே மாடலைக் கெடுங்க. கன்ஃபர்ம் படியை எடுத்துட்டு ஓட்டுங்க, புள்ளியை முழுங்கற மாதிரி மாத்தி ஓட்டுங்க. டூல் கத்தணும். கத்தலைன்னா ப்ராப்பர்ட்டி ஓட்டை. இந்த ரிசல்ட்டை ஸ்க்ரீன்ஷாட்டோட சேவ் பண்ணுங்க, மெடிக்கல் டிவைஸ் கம்பெனிக்கான குவாலிட்டி ஸ்டாண்டர்ட் ஐஎஸ்ஓ 13485 படி நீங்க யூஸ் பண்ற டூலை வேலிடேட் பண்ணீங்களான்னு ஆடிட்ல கேப்பாங்க, அப்ப காட்ட இது கைகுடுக்கும்.

9. எதிர் உதாரணத்தை நர்ஸ் முன்னாடி வைங்க

தோத்த ப்ராப்பர்ட்டிக்கு, எப்படி தோத்துச்சுன்னு படிப்படியா டூல் ஒரு வரிசை குடுக்கும், அதுக்குப் பேருதான் எதிர் உதாரணம், அதுதான் தங்கம். எங்க டிசைனோட ஆரம்ப வெர்ஷன்ல நாலாவது ப்ராப்பர்ட்டி தோத்து வந்த வரிசை இது, மாடல் இலக்கத்தை நிஜ இலக்கமா மாத்தி எழுதறேன். யூஸர் மனசுல 125. எடிட் அழுத்தியாச்சு. 1. 2. யூஸர் போயிட்டார். டைம்அவுட். எண் பெட்டி காலி, ஆனா ஸ்கிரீன் எடிட்லயே நிக்குது. யூஸர் வந்துட்டார். 5. ஓகே. கன்ஃபர்ம்ல ஓகே. ஸ்டார்ட். ஓடுறது மணிக்கு 5 மில்லி.

டீம்ல முதல்ல சொன்னது "அதான் கன்ஃபர்ம் ஸ்கிரீன் இருக்கே, 5னு பெருசா காட்டுதே, யாரு இப்படி பண்ணுவா"ன்னுதான். டெவலப்பர் சொல்ற "யாரு இப்படி பண்ணுவா"வை வச்சு எதிர் உதாரணத்தை மூடாதீங்க. நான் அந்த வரிசையை டூல் மொழியில இல்லாம படம் படமா ஸ்லைடுல போட்டு ஒரு ஐசியூ சிஸ்டர்கிட்ட காட்டினேன். அவங்க முழுசா பாக்கக்கூட இல்ல, மூணாவது படத்துலயே "பக்கத்து பெட்ல அலாரம் அடிச்சா இப்படியே விட்டுட்டுதான சார் ஓடுவோம்"னாங்க. கன்ஃபர்ம் ஸ்கிரீனைப் பத்திக் கேட்டேன். ஓகே ஓகேன்னு ரெண்டு தடவை அழுத்துறது கைக்கு பழகிப்போச்சுன்னு சொன்னாங்க. அதுக்கு மேல மீட்டிங்ல யாரும் பேசல.

சரி பண்ணது சின்ன மாற்றம்தான், டைம்அவுட் ஆனா பெட்டியை மட்டும் காலி பண்ணாம எடிட்டை விட்டே வெளிய வந்து பீப் குடுக்கணும், ஹோம்ல நம்பர் அழுத்தினா எதுவும் ஏறாது, தப்பு பீப் மட்டும் வரும். திரும்ப ஓட்டினா அந்த வரிசை போயிருச்சு. ஒண்ணை சரி பண்ணதும் எல்லா ப்ராப்பர்ட்டியையும் திரும்ப ஓட்டணும், தோத்ததை மட்டும் ஓட்டிட்டு விட்டா இன்னொரு இடத்துல இடிக்கும்.

எல்லா எதிர் உதாரணமும் இப்படி நிஜமா இருக்காது. சிலது மாடல் தப்பு, சிலது நடக்கவே முடியாதது. ஒவ்வொண்ணையும் "மாடல் தப்பு, டிசைன் தப்பு, ஏத்துக்கலாம்"னு மூணுல ஒண்ணா குறிச்சு, "ஏத்துக்கலாம்"னா யார் சொன்னாங்க, எந்த ரிஸ்க் நம்பர்னு சேர்த்து எழுதுங்க.

10. நேரக் கணக்கு

முதல் தடவைன்னா ஒரு ஸ்கிரீனுக்கு ஆறுலருந்து எட்டு வாரம் கேளுங்க. டூல் கத்துக்கவும் டேபிளுக்கும் சேர்த்து ரெண்டு மூணு வாரம், மாடலும் எண்ணைக் குறைக்கிறதும் ஒரு ரெண்டு வாரம், மிச்சம் எதிர் உதாரணத்தோட மல்லுக்கட்டவும் ரிப்போர்ட்டுக்கும். டூல் ஓடுற நேரம் இதுல கணக்கே இல்ல, நிமிஷத்துல முடியும், மணிக்கணக்கா ஓடுச்சுன்னா அஞ்சாவது படிக்கு திரும்பிப் போங்க. ரெண்டாவது ஸ்கிரீன் பாதி நேரத்துல முடிஞ்சிரும்.

எப்ப பண்றதுங்கிறது இன்னும் முக்கியம். ஸ்கிரீன் ஃப்ளோ முடிவாகி, கோட் எழுதறதுக்கு முன்னாடி. யூஸபிலிட்டி டெஸ்டுக்கு அப்புறம் பண்ணாதீங்க. எஃப்டிஏவோட 2016 வழிகாட்டி படி கடைசி ஹியூமன் ஃபேக்டர்ஸ் டெஸ்டுக்கு (யூஸபிலிட்டி டெஸ்ட்தான் அது) ஒவ்வொரு யூஸர் வகையிலும் குறைஞ்சது 15 பேர் வேணும், நர்ஸ், டாக்டர், வீட்ல பாத்துக்கிறவங்கன்னு மூணு வகை இருந்தா 45 பேர், ஆளைப் பிடிக்கிறது, இடம், வீடியோன்னு காசு தண்ணியா ஓடும். அதை முடிச்சப்புறம் மாடல் செக்கர் ஒரு டிசைன் தப்பைக் காட்டிச்சுன்னா டிசைனை மாத்தி திரும்ப டெஸ்ட் வைக்கணும், அப்ப உங்களை யாரும் பாராட்ட மாட்டாங்க. அந்த டெஸ்டை இது ரீப்ளேஸ் பண்ணும்னு யாராவது சொன்னாலும் ஒத்துக்காதீங்க. எழுத்து சின்னதா இருக்கு, கிளவுஸ் போட்டா பட்டன் வேலை செய்யல, வெயில்ல ஸ்கிரீன் தெரியல, இதெல்லாம் எந்த மாடல்லயும் வராது.

11. ரிப்போர்ட்டும் அதுக்கப்புறமும்

ரிப்போர்ட்ல இருக்க வேண்டியது: எந்த ஸ்கிரீன் வெர்ஷன், டூல் பேரும் வெர்ஷனும், மாடல் ஃபைலோட ஹாஷ், எதை எப்படிச் சின்னதாக்கினோம் ஏன், யூஸரைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டோம், ப்ராப்பர்ட்டி ஒவ்வொண்ணும் சாதாரண வாக்கியத்துல ஒரு தடவையும் லாஜிக்ல ஒரு தடவையும், அதுக்கு நேரா ரிஸ்க் நம்பர், ரிசல்ட், எதிர் உதாரண லிஸ்ட், வேணும்னே கெடுத்துப் பாத்த ரிசல்ட். சாதாரண வாக்கியத்தை விட்டுராதீங்க, படிக்கிற ரெகுலேட்டரி ஆளுக்கு ஏஜி ஈஎஃப் எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல. "பம்ப் பாதுகாப்பானதுன்னு நிரூபிச்சாச்சு"ன்னு மட்டும் எழுதிராதீங்க, மார்க்கெட்டிங்ல கேப்பாங்க, கேட்டாலும் எழுதாதீங்க. "இந்த மாடல்ல, இந்த எல்லைக்குள்ள, இந்த ப்ராப்பர்ட்டி மீறப்படல" அவ்ளோதான்.

மாடல் சரி, கோட் அதே மாதிரி இருக்கான்னு யாராவது கேப்பாங்க, நியாயமான கேள்வி. டூல் குடுக்கிற வரிசைகளையே டெஸ்ட் கேஸா மாத்தி நிஜ கருவியில இல்லைன்னா சிமுலேட்டர்ல அழுத்திப் பாக்குறதுதான் இருக்கிறதுல சுலபமான வழி. ஒவ்வொரு மாற்றமும் ஒரு தடவையாவது மிதிபடுற மாதிரி வரிசைகளை எடுங்க, ஆட்டோமேட் பண்ணிட்டா பில்டோட பில்டா ஓடும். ஸ்கிரீனை வெப் டெக்னாலஜியில பண்ற டீமா இருந்தா எக்ஸ்ஸ்டேட் மாதிரி ஒரு லைப்ரரியில அந்த ஸ்டேட் மெஷினையே கோடா எழுதிரலாம், மாடலுக்கும் கோடுக்கும் இடைவெளி ரொம்ப குறைஞ்சிரும்.

மாடல் ஃபைலை உங்க லேப்டாப்ல வச்சுக்காதீங்க, கோட் இருக்கிற அதே ரெப்போவுல போடுங்க. சேஞ்ச் ரிக்வெஸ்ட் ஃபார்ம்ல "ஸ்கிரீன் ஃப்ளோ மாறுதா, மாடல் திரும்ப ஓட்டியாச்சா"ன்னு ஒரு கட்டம் சேக்கச் சொல்லி குவாலிட்டி டீமை நச்சரிங்க. அந்தக் கட்டம் இல்லைன்னா அடுத்த ரிலீஸ்ல யாரோ டைம்அவுட்டை 30 செகண்ட்லருந்து 10க்கு மாத்துவாங்க, உங்களுக்கு மெயில்கூட வராது.